குறிவைக்கப்பட்ட கணுக்கால்

"எங்க டாடியோட கணுக்காலை யாரோ கொலை பண்ணப் பாக்குறாங்க, மேடம்."

விவேக் நகரின் சிறியதொரு மாடிவீட்டுக் கூடத்தில் மோனிகா இவ்வாறு கூறியபோது, துப்பறிவாளர் மைதிலி அவர்களின் முகத்தில் எவ்வித மாறுதலும் தோன்றவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை ஆராய்வதிலேயே தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். தம்முடைய இறப்புச் சான்றிதழைத் தாமே நேரில் கொண்டுவந்து கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கேட்ட ஒரு மனிதரை அவர் சந்தித்திருக்கிறார். அதன் பிறகு எந்தச் செய்தியும் அவரை அசைப்பதில்லை.

அவருடைய உதவியாளர் தாஸ் அத்தகைய அடக்கம் வாய்க்கப்பெற்றவர் அல்லர்.

"கணுக்காலுக்கு மட்டுந்தான் மிரட்டலா? முழங்காலுக்கும் இருக்கா?"

"தாஸ்."

"கேஸ் எதுவரைக்கும் போகும்னு தெரிஞ்சிக்கக் கேட்டேன் மேடம், அவ்ளோதான்."

மோனிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய தந்தை வின்சென்ட், கோலார் தங்க வயலில் நிலத்தடியில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் பாறை விழுந்து முறிந்த வலது கணுக்கால், வயதான பின் மூட்டுத் தேய்ந்து வலிக்கத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்கு முன் அதை எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். ஓராண்டுக்கும் மேலாக ஒரு குறையும் இல்லை. ஆனால் அண்மையில் அவர் திடீரென்று நொண்டத் தொடங்கினார். நாளைக் காலையில் மறு அறுவை. மூட்டு தளர்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, எலும்புகளை ஒன்றோடொன்று நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். இன்று மாலையே மருத்துவமனையில் சேரவேண்டும்.

"நல்லாத்தான் நடந்துக்கினு இருந்தாரு," என்றார் மோனிகா. "அப்புறம் கைத்தடியோட ரப்பர் காணாமப் போச்சு. வேற வாங்கினேன், அதுவும் போச்சு. காலுக்குப் போடுற பெல்ட்டை யாரோ கத்தரியால வெட்டிட்டாங்க. போன வாரம் டாடி தூங்கும்போது, எங்க ஓஸ்வால்ட் மாமா டேப்பு வெச்சு அவரு கணுக்காலை அளந்துக்கினு இருந்தாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

"அளந்தாரா?" என்றார் மைதிலி அவர்கள்.

"சுத்தளவு, நீளம், எல்லாமே."

"சவப்பெட்டிக்குக்கூட மொத்த ஆளைத்தான் அளப்பாங்க," என்று தாஸ் முணுமுணுத்தார்.

பாதிக்கப்பட்டவர் அறையிலிருந்து வந்தார். வலது காலை வைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். வீட்டுக்குள்ளும் அவர் காலில் காலணி இருந்தது. தரையின் குளிர்ச்சி மூட்டுக்கு ஆகாதாம். நாற்காலியில் அமர்ந்ததும் அதைக் கழற்றி, வாசலில் மற்றவர்களின் காலணிகளுடன் வைக்குமாறு மகளிடம் கொடுத்தார்.

"யார் மேல சந்தேகம் ஐயா?" என்று மைதிலி அவர்கள் கேட்டார்.

"நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். ஓஸ்வால்ட் எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்."

"பேரைச் சொல்லிட்டீங்களே," என்றார் தாஸ்.

"உறவைத்தான் தம்பி சொன்னேன்."

மைதிலி அவர்கள் அறையை நோட்டமிட்டார். கண்ணாடி அலமாரியில் ஒரு சிறு புட்டி. அதனுள் சுரங்கத்திலிருந்து வந்த வெள்ளைக் கற்சில்லுகள். மூடியைச் சுற்றியிருந்த மெழுகு அண்மையில்தான் உடைந்திருந்தது. சுவரில் இரண்டு புகைப்படங்கள். இரண்டிலும் தங்க வயலின் ஒரு சிறு கோயில் திருவிழா. புனிதரின் சப்பரத்தை ஆண்கள் தோளில் சுமந்து வருகிறார்கள். பழைய படத்தில் முன்பக்க வலது கம்புக்கு அடியில் வின்சென்ட் நிமிர்ந்து நின்றார். புதிய படத்தில் அதே கம்புக்கு அடியில் நின்றவர், பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வேறொருவர்.

"இவர்தான் ஓஸ்வால்டா?"

வின்சென்ட் தலையைத் திருப்பிக்கொண்டார். "அந்தக் கம்பு எங்கப்பா தூக்கினது. அவங்கப்பா தூக்கினது. ஜாயின்ட்டு மாத்தினப்புறம் வெயிட்டே தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. அது பெரிய கதை, விடுங்க."

மைதிலி அவர்கள் அதை விட்டதுபோலக் காட்டிக்கொண்டார். விடைபெற்றுக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்தனர். சிவாஜிநகர் நடைபாதையில் குவித்து விற்கப்படும் கறுப்புக் காலணிகளே நகரத்தில் பாதிப் பேர் கால்களில் இருக்கின்றன. தாஸ் கைப்பேசியில் ஆட்டோவைத் தேடியவாறே குனியாமல் கால்களை நுழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மூன்றாவது படியில் "ஆ!" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். வலது கால்ல என்னமோ சுருக்குனு."

*

அறுவை மருத்துவர் ஸ்ரீவித்யா, மோனிகா தொலைபேசியில் அனுமதி அளித்த பிறகே பேச இசைந்தார். மேசைமேல் செயற்கைக் கணுக்காலின் மாதிரி ஒன்று இருந்தது. தாஸ் அதை மரியாதையுடன் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோடி… பாருங்க மேடம், எக்ஸ்ரேல பெரிசா ஒண்ணும் இல்ல," என்றார் மருத்துவர். "மெட்டலை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியுது. அது தளர்ச்சியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை சரியா இருக்கு. ஆனா பேஷன்ட் வலிக்குதுன்னு சொல்றப்ப, எந்திரம் இல்லைங்குதுன்னு சொல்லி நான் அனுப்ப முடியாது இல்லையா?"

"இந்தச் சிகிச்சையில் வேறு என்னவெல்லாம் தவறிப்போகலாம், டாக்டர்?"

"முழங்கால் மாதிரி இல்ல இது. மேல தோல் ரொம்ப மெல்லிசு. புண் ஆறவே நாளாகும்."

தாஸ் தம் காலைத் தூக்கி முன்னால் நீட்டிப் பார்த்தார்.

"கிருமி உள்ள போயிட்டா மொத்தத்தையும் எடுக்க வேண்டி வரும். பக்கத்து நரம்பு பாதிச்சா பாதம் மரத்துப்போகும்."

"மரத்துத்தான் போவுது," என்றார் தாஸ் மெல்லிய குரலில்.

"பக்கத்து எலும்பு விரிசல் விடலாம். பிளாஸ்டிக் தேயும், மெட்டல் எலும்பை விட்டு நகரும். ஆயுசுக்கும் வரும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பாரம் சுமக்கவே கூடாது."

"டாக்டர்," தாஸின் நெற்றி வியர்த்திருந்தது. "இதெல்லாம் ஆபரேஷன் பண்ணாதவங்களுக்கும் வருமா?"

"வராது."

"எனக்கு வந்திருக்கே."

மைதிலி அவர்கள் அவரைப் பொருட்படுத்தாமல் தம் அடுத்த கேள்வியைக் கேட்டார். "மூட்டை எடுத்துவிட்டு எலும்பை ஒட்டிவிட்டால், அந்தக் கால் பாரம் தாங்குமா?"

"அந்த இடம் மடங்காது. ஆனா நல்லா ஒட்டின கால் உறுதியா நிக்கும். கடுமையா உடல் உழைப்பு செய்யறவங்களுக்கு, முதல்லயே அதைத்தான் சொல்வோம். வின்சென்ட் அவர்கிட்டயும் சொன்னேன். கோயில்ல முழந்தாள் போடணும், கால் மடங்கணும்னு அவர்தான் ஜாயின்ட் கேட்டார்."

மைதிலி அவர்கள் புருவத்தை ஒருமுறை உயர்த்தி இறக்கினார். துப்பு கிடைத்துவிட்டால் அவர் இவ்வாறு செய்வது வழக்கம். தாஸ் மட்டும் கவனித்திருந்தால் அதை அறிந்திருப்பார். அவரோ அவ்வேளையில் தம் பெருவிரலை அசைக்க முயன்றுகொண்டிருந்தார்.

*

ஓஸ்வால்ட் சிவாஜிநகரில் இருப்பதாக மோனிகாவிடமிருந்து தகவல் வந்தது. பழைய வண்டிகளின் உதிரிபாகங்களை மலைபோலக் குவித்து வைத்திருக்கும் ஒரு சந்தில், புகைப்படத்தில் கண்ட அதே மனிதர் ஒரு கடைக்காரரிடம் காகிதமொன்றைக் காட்டி மன்றாடிக்கொண்டிருந்தார். மைதிலி அவர்களும் தாஸும் ஒரு லாரி டயரின் பின்னே மறைந்து நின்றனர்.

"பாய், இந்த சைஸுக்கு என் காலு பொருந்துமா, அதை மட்டும் சொல்லுங்க."

"அரே, நான் ஸ்கூட்டர் பேரிங் விக்கிறவன் சாமி! காலு பேரிங்குக்கு நான் எங்க போறது?"

"சாமானு எங்கிட்டயே வருது பாய். ஒன்றரை வருஷந்தான் ஓடியிருக்கு. ஒரே ஆளு யூஸ் பண்ணது. உள்ள மாட்டுறதுக்கு ஆளு மட்டும் வேணும்."

"இவரு மெய்யாவே கேக்குறாரா மேடம்?" என்று தாஸ் சற்று உரக்கவே கேட்டுவிட்டார்.

ஓஸ்வால்ட் திரும்பிப் பார்த்தார். ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது; அவருடைய இடது கால் இழுத்துக்கொண்டே சென்றது. அவரைத் துரத்திய தாஸ், வலது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் "அம்மா!" என்று அலறினார். தப்பிப்பவர் இடப்பக்கமும் துரத்துபவர் வலப்பக்கமும் சாய்ந்து சாய்ந்து சென்ற அந்தக் காட்சியைக் காண, இறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். ஒரு பெரியவர் இருவரையும் முந்திக்கொண்டு தேநீர் வாங்கப் போனார். மைதிலி அவர்கள் பக்கத்துச் சந்தின் வழியே நிதானமாக நடந்து சென்று, எதிர்முனையில் கைப்பையுடன் காத்திருந்தார்.

ஓஸ்வால்ட் மூச்சிரைக்க அவர் முன் வந்து நின்றார். காகிதத்தில் ஒரு பாதத்தின் வரைபடம் இருந்தது. சுற்றிலும் அளவுகள்.

"வின்சென்டின் கணுக்காலை ஏன் அளந்தீர்கள்?"

ஓஸ்வால்டின் கண்கள் கலங்கின. "எனக்கும் அதே நோவுதான் மேடம். எடது காலு. யார்கிட்டயும் சொல்லல. போன திருவிழாவுல சப்பரம் தூக்கினப்போ உசுரே போயிடுச்சு. நாளைக்கி மாமா காலுல இருந்து ஜாயின்ட்டை எடுக்குறாங்க. எடுத்துக் குப்பையிலதானே போடுவாங்க? நல்லாக் கழுவினா எனக்கு ஆகுமேன்னு…"

"செகண்ட் ஹேண்ட் கணுக்காலா?" என்றார் தாஸ்.

"சிவாஜிநகர்ல கெடைக்காத சாமானே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்களே!"

"ஐயா, ஒருவர் உடம்பிலிருந்து எடுத்ததை மற்றொருவருக்குப் பொருத்த மாட்டார்கள்," என்று மைதிலி அவர்கள் கனிவுடன் எடுத்துரைத்தார். "மேலும் அது வலதுகால் மூட்டு. தங்களுக்கு நோவு இடது காலில்."

ஓஸ்வால்ட் காகிதத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி, பின்புறமிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்டி வெச்சா எடதுதானே மேடம்?"

கைத்தடியின் ரப்பரைப் பற்றியும், வெட்டப்பட்ட பட்டையைப் பற்றியும் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மூட்டு பழுதாவதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. அது நல்ல நிலையில் தம் கைக்கு வரவேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனை.

"அப்போ கொலைகாரன் யாரு மேடம்?" தாஸ் ஒரு டயரின்மேல் சாய்ந்து நின்றார். "சீக்கிரம் கண்டுபுடிங்க. எனக்கு நேரம் இல்ல. எலும்பு விரிசல் விடுறது காதுல கேக்குது."

மைதிலி அவர்கள் அப்போதுதான் முதன்முறையாகத் தாஸின் நடையை முழுமையாகக் கவனித்தார். வலது காலை வைக்கும்போது ஒரு சுளிப்பு. உடனே எடைமுழுதும் இடப்பக்கம். இந்த நடையை அவர் இன்று காலையிலேயே ஒருமுறை கண்டிருந்தார்.

"தாஸ், இந்த வலி உனக்கு எங்கே தொடங்கிச்சு?"

"விவேக் நகர் படியில மேடம். ஒட்டுவாரொட்டியா இருக்குமோ?"

"ஆட்டோவைக் கூப்பிடு. மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போறோம்."

*

மருத்துவமனையின் நீண்ட நடைகூடத்தில் வின்சென்ட், மகளின் கையைப் பற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மருத்துவர் ஸ்ரீவித்யா சம்மதப் படிவத்துடன் எதிரே நின்றார். வின்சென்ட் ஒவ்வொரு அடிக்கும் முனகினார், முகத்தைச் சுளித்தார், வேதனையுடன் நொண்டினார்.

இடது காலில்.

மருத்துவர் அவருடைய கால்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "வின்சென்ட் அவரே, நான் ஆபரேஷன் பண்ணினது வலது கால் இல்லையா?"

வின்சென்ட் நின்றார். குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் எவ்விதக் கூச்சமுமின்றி வலது காலில் நொண்டத் தொடங்கினார்.

"வலி மாறி மாறி வருது டாக்டர்."

"மன்னிக்க வேண்டும்," என்று மைதிலி அவர்கள் முன்னே வந்தார். "கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு சிறு உபகாரம் செய்யவேண்டும். தாங்களும் என் உதவியாளரும் காலணிகளை மாற்றிக்கொள்ளுங்கள்."

"எதுக்கு?" என்றார் வின்சென்ட்.

"எதுக்கு?" என்றார் தாஸும்.

"இருவரும் காலையிலிருந்து ஒருவர் காலணியை மற்றவர் அணிந்திருக்கிறீர்கள், அதற்காக."

வின்சென்டின் முகம் வெளிறியது. மோனிகாவே குனிந்து அவருடைய காலணிகளைக் கழற்றினார். தாஸ் தம்முடைய பழைய ஜோடிக்குள் கால்களை நுழைத்து, அச்சத்துடன் ஓரடி வைத்தார். மற்றோரடி வைத்தார். பிறகு கூடத்தின் எல்லைவரை விடுவிடென்று நடந்து சென்று திரும்பினார்.

"மேடம்! குணமாயிட்டேன்! கோயிலுக்கு நேந்துக்கவே இல்ல, அதுக்குள்ள!"

வின்சென்ட் தம் காலணியை அணிந்துகொண்டு ஓரடி வைத்தார். சரியாக வலது காலில் சுருக்கென்று நொண்டினார்.

மைதிலி அவர்கள் அந்த வலது காலணியை வாங்கி, அடியிலிருந்த அட்டையை உரித்தார். குதிகாலுக்கு மேலே, பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது ஒரு வெள்ளைக் கற்சில்லு.

"அலமாரியிலுள்ள புட்டியின் மெழுகு உடைந்திருந்ததன் காரணம் இதுவே. நொண்டியது தங்கள் கால் அன்று ஐயா, தங்கள் காலணி. எந்தக் காலில் நொண்டவேண்டும் என்பது மறந்துவிடக் கூடாதென்று தாங்களே வைத்துக்கொண்ட கல். கல் போனதும் கால் குழம்பிவிட்டது. மூட்டு கெட்டதற்குக் காரணம் காட்ட, ரப்பரை எறிந்ததும், பட்டையை வெட்டியதும் தாங்களே."

"டாடி?" என்றார் மோனிகா. "ஏன்?"

வின்சென்டுக்குப் பதிலாக மைதிலி அவர்களே பேசினார். "செயற்கை மூட்டு வைத்தவர் பாரம் சுமக்கக் கூடாது. எலும்பை ஒட்டிக்கொண்டவர் கால் உறுதியாக நிற்கும். மூட்டு தளர்ந்துவிட்டதென்று எல்லோரையும் நம்பவைத்தால், எடுத்துவிட்டு ஒட்டிவிடுவார்கள். அதன் பிறகு…"

"அந்தக் கம்பு எங்களுது," என்றார் வின்சென்ட். "தாத்தா காலத்துல இருந்து எங்களுது. போன வருஷம் நான் ரோட்டோரமா நின்னு வேடிக்கை பாத்தேன். இந்தப் பய கம்பு வளைஞ்ச மாதிரி நிக்கிறான், சாமி சாஞ்சி போவுது. எப்டி தாங்குறது?"

மருத்துவர் ஸ்ரீவித்யா அவரருகே அமர்ந்தார்.

"நாளைக்கு நான் அதை எடுத்திருப்பேன், வின்சென்ட் அவரே. முதல்லயே ஒட்டுறது வேற, இப்ப ஒட்டுறது வேற. ஜாயின்ட் வெக்க எலும்பைச் சீவியாச்சு. எடுத்தா நடுவுல பள்ளந்தான். இடுப்புல இருந்து எலும்பு எடுத்து அடைக்கணும். அது ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். கால் கட்டையாகலாம். அந்தத் தோலை ரெண்டாவது தடவை கிழிச்சுப் புண் ஆறாமப் போனா, சப்பரத்தை விடுங்க, பாதமே நமக்கு மிஞ்சாது."

வின்சென்ட் தம் வலது பாதத்தைப் பார்த்தார். அதை மெல்ல மேலும் கீழுமாக அசைத்தார். எந்தத் தடையுமின்றி அது மடங்கியது.

"மாமா," ஓஸ்வால்ட் தயங்கியபடி முன்னே வந்தார். "என்னாலயும் முடியாது மாமா. எனக்கும் காலு போச்சு. நீ கம்பைக் கேட்டா குடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

"உங்கிட்டப் போய் நான் கேக்கணுமா?"

"பாத்தீங்களா மேடம், இதான் இவரு!"

"அப்போ இந்த வருஷம் யாரு தூக்குறது?" என்று வின்சென்ட் உடைந்த குரலில் கேட்டார்.

"நான்," என்றார் மோனிகா.

இரு ஆண்களும் ஒரேசமயத்தில் வாயைத் திறந்தனர். மோனிகா கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார்.

"அந்தக் கம்பு நம்ம குடும்பத்துதுன்னுதானே சொன்னே டாடி? உன் கணுக்காலுதுன்னு சொல்லலையே."

வின்சென்ட் மைத்துனரைப் பார்த்தார். ஓஸ்வால்ட் கூரையைப் பார்த்தார். பின்னர் சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, வின்சென்டின் தோள் உயரத்தை அளந்தார். மோனிகாவின் தோளையும் அளந்தார்.

"ஒரு வெரல்கடை கம்மி மாமா. சாமி சாயும்."

தாஸ், காலணியிலிருந்து பிய்த்தெடுத்த வெள்ளைக் கற்சில்லை உள்ளங்கையில் வைத்து மிகுந்த பணிவுடன் நீட்டினார். "ஷூவுக்குள்ள வெச்சுக்கினா சரியாயிடும். வேணும்னா அனுபவப்பட்டவன் நான், ட்ரெய்னிங் குடுக்குறேன்."

அன்று மாலையில் முதன்முறையாக மோனிகா சிரித்தார். மருத்துவர் ஸ்ரீவித்யா சம்மதப் படிவத்தை நான்காகக் கிழித்து, அடுத்த வாரம் மற்றுமொரு எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றும், ஓஸ்வால்ட் தம் காலுடன் நாளைக் காலையிலேயே வரவேண்டும் என்றும், அளவுநாடாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்றும் கூறினார்.

வின்சென்ட் எழுந்தார். கல்லில்லாத காலணியை அணிந்துகொண்டு, கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, அந்த நீண்ட கூடத்தில் நடந்தார். நொண்டவில்லை. பாதம் தரையில் பதிந்து, மடங்கி, எழுந்தது. மறு அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கிய பின், தாம் பொருத்திய மூட்டு நொண்டாமல் நடப்பதை அன்றுதான் கண்ட மருத்துவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பாதி வழியில் வின்சென்ட் திரும்பி நின்று, சப்பரத்தின் முன்னால் நடப்பவரின் குரலில் மகளை அழைத்தார்.

"வலது காலை எடுத்து வையி, மோனி. மொதல்ல வலது."

மோனிகா எடுத்து வைத்தது இடது காலை.

"நம்ம குடும்பமேதான்," என்றார் ஓஸ்வால்ட்.